வெப்சைட் ரிப்பேர்: ஒரு கணக்கு வாத்தியார் போட்ட மதிப்பெண்

என் இணையதளத்தைப் பழுது பார்த்துக் கொடுத்தவரின் பெயர் இந்த மதிப்புரையில் இருக்காது. "கைக்கு மேல் வேலை இருக்கிறது சார், பெயரைப் போட்டு ஆள் அனுப்பிவிடாதீர்கள்" என்று அந்தப் பெண்ணே கேட்டுக்கொண்டார். பிறகு எதற்கு எழுதுகிறேன் என்றால், தனியாளாக இணையதளம் பழுது பார்ப்பவரிடம் வேலை கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு கணிதப் புதிர் தளம் வைத்திருக்கிறேன். முன்னூற்றுச் சொச்சம் புதிர்கள். அவற்றை விட உசத்தி, கீழே வாசகர்கள் எழுதிய தீர்வுகள். ஒரு நாள் கூகுளில் என் தளத்தைத் தேடினால் தலைப்புகள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் வருகின்றன, கைப்பை விற்கிறார்கள். தளத்தை நேராகத் திறந்தால் எந்தக் கோளாறும் இல்லை, என் புதிர்கள்தான். கூகுளின் தவறு என்று நினைத்து ஒரு வாரம் சும்மா இருந்தேன். தேடுபொறியின் ரோபோ வந்தால் ஒரு முகம், மனிதர் வந்தால் ஒரு முகம் காட்டுகிற ஹேக் அது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் வேறொருவரிடம் போனேன். அவர் பழைய பேக்கப்பைத் திருப்பி ஏற்றினார். அந்தப் பேக்கப்பிலும் ஹேக் இருந்தது, அது அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. போதாததற்குத் தமிழ் எழுத்துகள் சிதைந்துபோயின. புதிர்கள் இருந்த இடத்தில் ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குவியல், வாசகர் தீர்வுகள் இருந்த இடத்தில் வரிவரியாகக் கேள்விக்குறிகள். "பழைய சைட் சார், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்றார். அவர் சொன்ன கூலியில் எனக்குத் தலை சுற்றியது.

அப்புறம்தான் இவரிடம் வந்தேன். கடவுச்சொல்லை மெசேஜில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார். தனக்கென்று தனியாக ஒரு நிர்வாகி கணக்கு திறக்கச் சொன்னார், வேலை முடிந்ததும் அதை நானே அழித்துவிட வேண்டும் என்றார். எதையும் தொடுவதற்கு முன், கெட்டுப்போன நிலையிலேயே முழுத் தளத்துக்கும் ஒரு பிரதி எடுத்தார். அந்தப் பிரதியின் மேல்தான் வேலை. முதல் ஆள் இந்த ஒன்றைச் செய்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

எழுத்து விவகாரத்தை அவர் விளக்கிய விதத்துக்கே தனியாகப் பத்து மதிப்பெண் போடலாம். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு), 'கு' என்றால் உகரக் குறிக்கும் மூன்று சேர்த்து ஆறு. அந்த மூன்று பைட்டையும் லத்தீன் எழுத்து முறை தனித்தனியாகப் படித்தால் மூன்று அந்நிய எழுத்துகள் தெரியும். பார்க்கப் பயங்கரம், ஆனால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, திருப்பிப் படித்தால் தமிழ் வந்துவிடும். கேள்விக்குறி வேறு கதை. தரவுத்தளத்தில் இருப்பதே கேள்விக்குறிதான், ஒரே பைட், பதினறும எண்ணில் 3எஃப். 'க'வும் கேள்விக்குறி, 'ம'வும் கேள்விக்குறி. நான் குறுக்கிட்டு, "ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை, அதனால் நேர்மாறு கிடையாது, அதுதானே?" என்றேன். "அதேதான் சார்" என்றார். ஆகப் புதிர்கள் பிழைக்கும், தீர்வுகள் பிழைக்காது. இதை முதல் நாளே, கூலி பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மீட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் என் பக்கங்கள் ஏதாவது சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தேடிப் பார்த்தார். சில வருடங்களில் சில பக்கங்கள் இருந்தன. அங்கிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவான தீர்வுகள் திரும்பி வந்தன. ஒட்டுகிற வேலையை எனக்கே கற்றுக்கொடுத்து, "இதற்கு என் நேரத்தை விற்க மாட்டேன், உங்களால் முடியும்" என்றார். முடிந்தது. முதுகுதான் வலித்தது.

ஹேக்கைத் துடைத்த வேலையில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் தன் ஒவ்வொரு வெளியீட்டின் கோப்புகளுக்கும் செக்சம் வைத்திருக்கிறது, கைரேகை மாதிரி. அதோடு ஒப்பிட்டதில் நான்கு கோப்புகள் மாற்றப்பட்டிருந்தன. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய கோப்புறையில் பிஎச்பி கோப்புகள், அதாவது சர்வரில் ஓடும் நிரல்கள், கிடந்தன. ஒன்றை அழித்தால் சிறிது நேரத்தில் மறுபடி முளைத்தது, அதை முளைக்க வைக்கவே சர்வரில் ஒரு கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை, ஒளிந்திருந்தது. எனக்குத் தெரியாத இரண்டு நிர்வாகிகள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் என் தளத்துக்கு எனக்குத் தெரியாத இன்னொரு உரிமையாளர்! வீட்டுக்குள் புகுந்தவன் பட்டாவிலும் பெயரைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லாரையும் நீக்கி, அமைப்புக் கோப்பிலிருந்த ரகசியச் சாவிகளை மாற்றினார். மாற்றியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும், நான் உட்பட, வெளியே வந்து விழுந்தோம். போலிப் பக்கங்களுக்கு 410, அதாவது 'நிரந்தரமாகப் போய்விட்டது' என்ற பதில் கொடுக்க வைத்தார். கூகுளில் ஜப்பானியத் தலைப்புகள் மறைய அதற்கப்புறமும் ஆறு வாரம் ஆயிற்று. ஒரே இரவில் மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருடன் வந்த வழி எது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "உங்கள் தீம் திருட்டுப் பிரதி சார்" என்றார். தீம் என்றால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பு. என் அக்கா மகன் 'இலவசமாகக் கிடைத்தது மாமா' என்று போட்டுக்கொடுத்தது. பணம் கொடுத்து வாங்க வேண்டிய தீம், யாரோ பூட்டை உடைத்துக் கதவையும் திறந்து வைத்து விநியோகித்திருக்கிறார்கள். அதை எடுத்தால்தான் மேற்கொண்டு வேலை என்று கறாராகச் சொன்னார். முப்பத்தோரு வருடம் தேர்வு அறையில் காப்பி அடித்தவர்களைப் பிடித்த ஆளுக்கு இது தேவைதான்.

புது பிஎச்பிக்கு மாற்றியபோது ஒரு பழைய பிளக்கின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) படுத்துக்கொண்டது. நான் இருந்த 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரிலேயே பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. அந்தப் பிளக்கின் நம்பியிருந்த ஒரு செயற்கூறு 8.0-இல் நீக்கப்பட்டிருந்தது. இரண்டு வரி மாற்றினார், சரியாகிவிட்டது. 27 பிளக்கின்கள் 9 ஆயின.

இனி கழிக்க வேண்டியவை. போனை எடுக்க மாட்டார். மின்னஞ்சல் மட்டும், அதற்கும் நாளுக்கு ஒரு பதில். நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வேலை அப்படியே நின்றது, மாற்று ஆள் கிடையாது. தினம் விற்பனை நடக்கிற தளமாக இருந்தால் இது கட்டுப்படியாகாது. ஐந்து மதிப்பெண் கழித்தேன். பிளக்கின்களைக் குறைத்ததில் தொடர்புப் படிவம் வேலை செய்யாமல் போனது, ஒரு வாரம் கழித்து நான்தான் கண்டுபிடித்தேன். அன்றே சரிசெய்து, தவறு தன்னுடையது என்று அறிக்கையிலும் எழுதிவிட்டார். அதனால் மூன்றுதான் கழித்தேன், ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஆறு.

ஒரு சண்டையும் உண்டு. வருகையாளர்களைப் பின்தொடரும் நிரல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார், படிக்க வருகிறவரை எதற்கு வேவு பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். விளம்பரக்காரர்களுடையதை எடுக்கச் சம்மதித்தேன். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எளிய எண்ணிக்கையை விட மாட்டேன் என்றேன். கிழவனுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. இரண்டு மின்னஞ்சல் உபதேசத்துக்குப் பிறகு விட்டுக்கொடுத்தார். ஆனால் இன்னொன்றில் அவர் சொன்னது சரி. சமன்பாடுகளை நான் படமாகப் போட்டு, மாற்று உரை எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தேன். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு என் புதிரில் கேள்வியே காதில் விழாது. பத்துப் படத்துக்கு எழுதிக் காட்டினார், மிச்சத்தை நான் எழுதி வருகிறேன்.

கடைசியாக, மாதாமாதம் பணம் கட்டிப் பராமரிப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்றேன். "உங்கள் தளத்துக்கு அது தேவையில்லை" என்று மறுத்துவிட்டார். தமிழில் இரண்டு பக்க அறிக்கை கொடுத்தார்: செய்தது, செய்யாதது, ஏன். மாதம் ஒருமுறை அப்டேட், பேக்கப்பை என் கணினிக்கும் இறக்கிக்கொள்வது, ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறோர் இடத்தில் ஏற்றித் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான் எனக்கு வீட்டுப்பாடம். சொன்ன கூலிக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை.

நூற்றுக்கு 92. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

218ஆம் புதிரின் தீர்வு மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஒரு வாசகர் வடிவியல் வழியில் நாலே வரியில் எழுதியிருந்தார். ஆர்க்கைவிலும் அந்தப் பக்கம் இல்லை. நான் இயற்கணிதத்தில் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றரைப் பக்கம் போகிறது. துணைக்கோடு ஒன்று வரைந்திருந்தார் என்பது வரை ஞாபகம் இருக்கிறது, எந்தப் புள்ளியிலிருந்து என்பதுதான் வரமாட்டேன் என்கிறது.