எம்.எஸ்சி. நர்சிங் சேரப் போறீங்களா? ஒரிஜினல் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க

காலேஜ் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய கன்சல்டன்சிக்காரரின் நம்பரிலிருந்து நேற்று மறுபடியும் வாட்ஸ்அப் வந்தது. "சிஸ்டர், எம்.எஸ்சி. நர்சிங், மூன்று சீட்தான் பாக்கி, வேலையை விடாமலே படிக்கலாம்" என்று. யாரை ஏமாற்றினோம் என்பதே ஞாபகம் இல்லாத அளவுக்கு அவருக்கு வியாபாரம் நடக்கிறது போல. அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். எம்.எஸ்சி. முடித்தால் காலேஜில் டியூட்டராகப் போகலாம், நைட் டியூட்டி தொல்லை இருக்காது என்று ரொம்ப நாளாக ஆசை. கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தர்தான் இந்த கன்சல்டன்சி நம்பரைக் கொடுத்தார். (அந்த அக்காவுக்குக் கமிஷன் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அது தனிக் கதை.)

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் சின்ன ஆபீஸ். அந்த சார் ரொம்ப மரியாதையாகப் பேசினார். தொப்பூர் கணவாய் தாண்டி சேலம் பக்கம் ஒரு காலேஜ், மாதம் இரண்டு நாள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் என்பது இரண்டு வருஷ முழுநேரப் படிப்பு. தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது, பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் மொத்தத்தையும் முடித்திருக்க வேண்டும். நர்சாக இருந்துகொண்டு இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சம்பளம் நிற்காமல் படிப்பும் நடக்கும் என்று ஒருத்தர் சொல்லும்போது, தெரிந்தது எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு கேள்வி மட்டும் சரியாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். "காலேஜுக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா சார்?" உடனே ஃபைலைத் திறந்து கடிதத்தையே காட்டினார். முத்திரை, கையெழுத்து, காலேஜ் பெயர் எல்லாம் இருந்தது. கடிதம் போலி இல்லை. ஆனால் அது பி.எஸ்சி. படிப்புக்கான கடிதம். எம்.எஸ்சி.க்கு அந்தக் காலேஜுக்கு அனுமதியே இல்லை. அங்கீகாரம் என்பது காலேஜுக்கு மொத்தமாகக் கொடுப்பது இல்லைங்க, ஒவ்வொரு படிப்புக்கும் தனி, இத்தனை சீட் என்றும் இருக்கும். அவர் என்னிடம் பொய்யே சொல்லவில்லை பாருங்கள், நான் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார்.

அப்பா தக்காளி விற்று வைத்திருந்த காசு, அம்மா நகையை அடகு வைத்தது என்று சேர்த்து 85,000 ரூபாய் கட்டினேன். அட்மிஷனுக்கு வேண்டும் என்று பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி, ஆர்.என்.ஆர்.எம். சான்றிதழ் (நர்ஸாகப் பதிவு செய்ததற்கான சான்றிதழ்) எல்லாமே ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் ஆகியும் பல்கலைக்கழகப் பதிவு எண் வரவில்லை. கேட்டால் "அடுத்த வாரம்மா", அப்புறம் "சர்வர் பிரச்சினைம்மா". கடைசியில் நானே கவுன்சில் இணையதளத்தில் மாநிலம், படிப்பு, வருஷம் போட்டுத் தேடினேன். பி.எஸ்சி. பட்டியலில் அந்தக் காலேஜ் இருக்கிறது, எம்.எஸ்சி. பட்டியலில் இல்லை. தேடுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் கட்டுவதற்கு முந்தின நாள் அந்தப் பத்து நிமிஷத்தை நான் செலவழித்திருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தேன். அதில் காலேஜ் பெயரே இல்லை. கன்சல்டன்சி பெயரில் "ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருந்தது. காலேஜில் போய்க் கேட்டால், எங்களிடம் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லையே என்றார்கள். அதுவும் உண்மைதான்.

பணத்தைவிடப் பெரிய அடி ஒரிஜினல்தான். அந்த நேரத்தில் சேலத்தில் வேறு ஆஸ்பத்திரியில் நல்ல சம்பளத்தில் கூப்பிட்டார்கள், பதிவுச் சான்றிதழைக் காட்ட முடியாமல் அந்த வேலை போய்விட்டது. சித்தப்பாவையும் ஊர்க்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு, "பணம் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது.

ஆகவே, யாராவது உங்களிடம் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டினால் அதில் எந்தப் படிப்பு, எந்த வருஷம், எத்தனை சீட் என்று பாருங்கள். இந்தப் படிப்புக்கு அந்தக் காலேஜுக்கு இணைப்பு (அஃபிலியேஷன்) இருக்கிறதா என்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். பணத்தைக் காலேஜ் கணக்கில் மட்டும் கட்டி, காலேஜ் பெயர் போட்ட ரசீது வாங்குங்கள். ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டலாம், பார்த்து முடித்ததும் அப்போதே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். தபாலில் படிக்கலாம், காலேஜுக்கு வராமலே எம்.எஸ்சி. நர்சிங் முடிக்கலாம் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த கன்சல்டன்சி பெயரை இங்கே போட முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தர்மபுரி பக்கம் உங்களுக்கும் அந்த மூன்று சீட் மெசேஜ் வந்திருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், ரசீதை அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.