மணல் பறக்கிற ஊருக்கு எந்த ரோடு சத்தம் குறைவு?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. ராத்திரி மீன் வண்டிகள், விடிகாலையில் அக்னி தீர்த்தத்துக்கு விரட்டிக்கொண்டு போகிற வேன்கள். தை, ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாம் எஞ்சின் சத்தம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே எஞ்சினை மீறி டயர் சத்தம்தான் கேட்கும். அப்படியென்றால் ரோட்டை மாற்றினால் குறையுமா? குறையும். எந்த ரோடு என்பதில்தான் வழக்கு.

புத்தகத்தில் முதல் மார்க் துளைத் தார் ரோட்டுக்கு. பொடியைக் கழித்து, ஏறக்குறைய ஒரே அளவு ஜல்லியைத் தாரில் பிசைந்து போடுவார்கள். மேலடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். டயரின் வரிகளுக்குள் மாட்டுகிற காற்று வெடித்துக் கிளம்பாமல் துளைக்குள் இறங்கிவிடும். சத்தத்தில் ஒரு பகுதியையும் துளைகளே விழுங்கும். புதிதாக இருக்கும்போது சாதாரணத் தார் ரோட்டைவிட 3 முதல் 5 டெசிபல் குறையும். 3 டெசிபல் என்றால் பாதி வண்டிகள் ஓடாமல் நின்றுவிட்ட மாதிரி. நெதர்லாந்தின் பெரும்பாலான விரைவுச்சாலைகள் இந்த வகைதான்.

சரி, அங்கே மழை அடிக்கடி பெய்கிறது. வேகமாக ஓடுகிற டயர்கள் தண்ணீரோடு சேர்த்து அழுக்கையும் உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. இங்கே கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பினால் தனுஷ்கோடி ரோட்டில் மணல் திட்டாகவே ஏறிக் கிடக்கும். கழுவிவிட வேண்டிய மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் துளை அடைந்து, காசு கொடுத்து வாங்கிய அமைதி போய்விடும். போதாததற்கு, காற்றும் வெயிலும் உள்வரை போவதால் தார் சீக்கிரம் காய்ந்து ஜல்லி உதிரும். நம் கரைக்கு இது வேண்டாம் என்பேன்.

சிமெண்ட் ரோடு உழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் வழுக்காமலிருக்கக் குறுக்கே கீறிய கோடுகள் வேகத்தில் ஊளையிடும். இணைப்புக்கு இணைப்பு டக், டக். அமெரிக்காவின் அரிசோனாவில் 2003-இல் இந்தச் சத்தத்துக்காகவே சிமெண்ட் விரைவுச்சாலைகள் மேல் ரப்பர் கலந்த தாரை ஓர் அங்குல அளவுக்குப் போர்த்தத் தொடங்கினார்கள். ஊருக்குள் தெருவென்றால் பரவாயில்லை, அங்கே யார் அறுபதில் போகப்போகிறார்கள். பேவர் பிளாக்கும் தெருவோடு நிற்கட்டும்.

என் ஓட்டு சின்ன ஜல்லிக்கு. கால் இஞ்ச் சிப்ஸ், பழைய டயர்த்தூள் கலந்த தார், மெல்லிய மேலடுக்கு. துருத்துகிற கல் சின்னதாக இருந்தால் டயர் வாங்குகிற அடியும் சின்னது. இதில் கிடைப்பது 2, 3 டெசிபல்தான். ஆனால் அடைக்கப் பெரிய துளை இல்லாததால் மணல் இதை அவ்வளவாகக் கெடுக்காது. முக்கியம், ரோலர் ஒழுங்காக ஓடி மேல்மட்டம் தட்டையாக அமைய வேண்டும். தாரைத் தெளித்துச் சில்லைத் தூவி உருட்டிவிட்டுப் போகிற வேலையில் கல் முனை மேலே நிற்கும். அது பழைய ரோட்டைவிட மோசம்.

இரண்டு விஷயத்துக்கு இது உதவாது. குடியிருப்புக்கு இரவு வரம்பு 45 டெசிபல் என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். நெடுஞ்சாலையோர வீட்டை ரோடு மட்டும் அந்த அளவுக்குக் கொண்டுவராது. அப்புறம், ஏர் ஹாரன். ஏற்கெனவே தடை, இருந்தும் அடிக்கிறார்கள்.

“பொடிக்கல் ரோடு மழையில் வழுக்குமே?” என்று டயர் கடை அண்ணன் மடக்கினார். நியாயமான கேள்வி. கல்லின் சொரசொரப்பு நன்றாக இருந்தால் ஊரை ஒட்டிய வேகத்துக்குப் பிடிப்பு போதும். நூறில் பறக்கிற வெட்டவெளிக்கு நானே இதைக் கேட்கமாட்டேன். அங்கே தூங்க யாருமில்லை, பனைமரம்தான் நிற்கிறது.