ரயிலுக்குப் பசுமை மின்சாரம்: சொந்த உற்பத்தியா, நீண்ட கால ஒப்பந்தமா?

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற விரும்பும் ரயில் நிறுவனத்துக்கு இரண்டு பாதைகள் உள்ளன: மின் நிலையத்தைத் தானே அமைத்துக்கொள்வது, அல்லது பிறர் அமைக்கும் காற்றாலைகளிலிருந்தும் சூரியப் பூங்காக்களிலிருந்தும் பல ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் வாங்குவது.

வேகத்தில் ஒப்பந்தத்துக்கு நிகரில்லை. நெதர்லாந்தின் மின்சார ரயில்கள் அனைத்துக்கும் 2017 ஜனவரி முதல் காற்றாலை மின்சாரம் ஒப்பந்தத்தின் மூலமே கிடைக்கிறது. டெல்லி மெட்ரோவும் மத்தியப் பிரதேசத்தின் 750 மெகாவாட் ரேவா சூரியப் பூங்காவிலிருந்து 2019 முதல் மின்சாரம் பெறுகிறது. நெருக்கடியான நகருக்குள் இயங்கும் ஒரு மெட்ரோ அத்தனை பெரிய பூங்காவுக்கு இடம் தேடியிருக்கவே முடியாது. ஆனால் காற்று ஓய்ந்த வேளையிலும் சூரியன் மறைந்த பின்னரும் ரயிலை இழுப்பது பொது மின்கட்டமைப்பில் பல மூலங்களிலிருந்து கலந்து வரும் மின்சாரம்தான் என்பதையும், ஒப்பந்தம் முடியும் நாளில் விலைப் பேச்சை மறுபடி தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

சொந்த உற்பத்திக்குச் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ரயில்வேயைவிட நல்ல சான்று இல்லை. முதல் உலகப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டில் திணறிய அந்நிறுவனம் ரிட்டோம், ஆம்ஸ்டெக் போன்ற நீர்மின் நிலையங்களை 1920களின் தொடக்கத்திலேயே இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன் தடங்கள் பொதுக் கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸுக்கு மாறாக 16.7 ஹெர்ட்ஸில் இயங்குவதால், அந்த அதிர்வெண்ணிலேயே மின்சாரம் தரும் சொந்த நிலையம், அதிர்வெண்ணை மாற்றித் தரும் நிலையங்களின் தேவையைக் குறைக்கிறது. அணையில் தேக்கிய நீரை, ரயில்கள் ஒருசேரப் புறப்படும் நெரிசல் நேரத்துக்கு ஏற்றபடி திறந்துவிடவும் முடிகிறது. இந்த நெகிழ்வு சூரியத் தகடுகளுக்கு வாய்க்காது.

மலையும் அணையும் இல்லாத நிறுவனத்திடமும் நிலம் இருக்கிறது. பிரான்சின் ரயில் நிறுவனம் தன் நிலங்களில் சூரிய மின்சாரம் தயாரிப்பதற்கென்றே 2023இல் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது. இந்திய ரயில்வே மத்தியப் பிரதேசத்தின் பீனாவில் அமைத்த 1.7 மெகாவாட் நிலையம், 25 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பிக்கே நேரடியாக மின்சாரம் செலுத்துகிறது. அளவில் சிறியது, எனினும் சூரிய மின்சாரத்தால் ரயிலையே இழுக்கலாம் என்று அது நிறுவியதை நான் பெரிதும் மதிக்கிறேன். ரயில் நிலையக் கூரைகளின் சூரியத் தகடுகள் விளக்குக்கும் மின்தூக்கிக்கும் உதவுமேயன்றி இழுவைக்குப் போதா.

முதலீட்டுச் சுமையும் பராமரிப்புப் பொறுப்பும் சொந்த உற்பத்தியின் உண்மையான குறைகள். இருந்தும், மேல்நிலைக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் இழுவைத் துணைமின் நிலையத்துக்கு அருகே சும்மா கிடக்கும் நிலம் உள்ள நிறுவனம், பகல் தேவையின் ஒரு பங்கையேனும் அங்கே தானே உற்பத்தி செய்துகொண்டு, இரவுத் தேவைக்குக் காற்றாலை அல்லது நீர்மின் ஒப்பந்தத்தை நாடுவதே சரி என்பது என் முடிவு. அத்தகைய நிலம் இல்லாத மாநகர மெட்ரோக்களுக்கு டெல்லி தேர்ந்த பாதையே பொருந்தும்.