ஐந்து ரோட்டில் ஓர் எஸ்க்யூஎல் வகுப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். கணக்கு இருக்கும் டேட்டாபேஸிலிருந்து, அதனிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், அதிகம் விற்ற 10 டிசைன்களை எடுத்தால் வரிசை கலைந்தே வரும். அதற்காகத்தான் இந்த ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். தகரக் கூரை, வேகாத குறைதான். ஆனால் சார் கெட்டிக்காரர், நான் எழுதிய குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, பார்த்ததுமே சிரித்துவிட்டார். வரிசைப்படுத்தச் சொல்லும் 'ஆர்டர் பை' சப்குவெரிக்குள் (குவெரிக்குள் இருக்கும் இன்னொரு குவெரி) மட்டும் இருந்தது. (எங்கள் கடையில் ஆர்டர் பை என்றால் கொலுசு போடும் பை!) சப்குவெரிக்குள் இருக்கும் ஆர்டர் பை, இத்தனை வரிகள் போதும் என்று சொல்லும் லிமிட்டோடு சேர்ந்து, எந்த 10 என்று பொறுக்கத்தான். கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு வெளிக் குவெரியிலும் அதை எழுத வேண்டும். லிமிட் இல்லாவிட்டால் நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபி உள்ளே இருக்கும் ஆர்டர் பையைக் கண்டுகொள்ளாதாம். அப்புறம், எடை எண்ணாக இல்லாமல் டெக்ஸ்டாக (வெறும் எழுத்தாக) இருந்து, முதல் எழுத்தை வைத்தே வரிசையானதால் 100 கிராம் 25க்கு முன்னால் நின்றதையும் அவர்தான் பிடித்தார். நோட்ஸ் மட்டும் மங்கலான ஜெராக்ஸ்.