சிறுநீரில் ஆல்புமின்: ஏ.என்.எஸ். சாயமா, ஒளிரும் ஆன்டிபாடியா?

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தை அளக்க, பெங்களூரு லேபுகளில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கைக்கு வருவது ஏ.என்.எஸ். என்ற ஒளிரும் சாயம்தான். விலை மலிவு, கழுவ வேண்டியதில்லை. தண்ணீரில் மங்கிக் கிடக்கும். ஆல்புமினின் நீர்விலக்கும் பள்ளத்தில் ஒட்டியதும் 470 நானோமீட்டர் அருகே பளிச்சென்று ஒளிரும்.

சிக்கல் சிறுநீரில்தான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவரின் மாதிரியில் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) தானாகவே பச்சையாக ஒளிரும். அடர்மஞ்சள் மாதிரி ஒளியை விழுங்கி அளவைக் குறைத்துக் காட்டும். ஆல்புமினோடு ஒட்டும் சில மருந்துகள் சாயத்தை இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். அதனால் சுழற்றித் தெளியவைத்து, pH 7.4 பாஸ்பேட் பஃபரில் பத்து மடங்கு நீர்த்து, சாயம் சேர்க்காத அதே மாதிரியையும் கட்டாயம் படியுங்கள். அந்த எண்ணைக் கழிக்காத அளவீட்டை நம்பவே கூடாது.

சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற எல்லைக்கோட்டில் முடிவு சொல்ல வேண்டுமா? ஆல்புமினை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடிக்கே போங்கள். சிவப்பில் ஒளிரும் சாயம் கட்டியதை வாங்கினால் ரைபோஃப்ளேவின் தொல்லை குறையும். மாதிரியையும் ஒளிரும் ஆன்டிபாடியையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால், ஆல்புமின் மிக அதிகமாக இருக்கும்போது அளவு பொய்யாகக் குறையும். முதலில் மாதிரி, பிறகு கழுவல், அதன்பின் ஆன்டிபாடி. ஆன்டிபாடியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருட்டில் வையுங்கள். கரன்ட் போகும் ஏரியா என்றால் ஃபிரிட்ஜுக்கு யூ.பி.எஸ். வேண்டும்.