"பெட்டியைத் திறந்து எறிந்தால் பறக்கும்" என்று விற்கிற ஃப்ளையிங் விங் செட்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் பக்கத்தில் ஆர்.சி. விமானம் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம்) பறக்கவிடும் பையன்களுக்கும், அதற்குப் பணம் எடுத்துக் கொடுக்கிற அப்பா, மாமாக்களுக்கும் இந்தப் பதிவு. வாட்ஸ்அப் குழுக்களிலும் ரீல்ஸிலும் ஒரு ஃப்ளையிங் விங் விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 90 செ.மீ. இறக்கை, மோட்டார், பேட்டரி, டிரான்ஸ்மிட்டர் எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய், எல்லாம் செட் செய்தே வரும் என்கிறார்கள். அதை வாங்கி ஏமாந்தோம். விற்றவர் வெளியூர்க்காரர். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பெட்டிக்குள் என்ன வந்தது என்பதை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளையிங் விங் தெரியாதவர்களுக்காக: இது வால் இல்லாத விமானம், வெறும் இறக்கைதான். மோட்டார் பின்னாலிருந்து தள்ளும். பின்விளிம்பில் இரண்டு மடல்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு தூக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் விமானம் சாயும். அதைத்தான் எலிவான் என்கிறோம். வாலுள்ள விமானத்தில் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வால் இழுத்துப் பிடித்துவிடும். இதில் அந்தப் பிடிமானம் கிடையாது. மொத்த எடையும் எந்தப் புள்ளியில் சமமாக நிற்கிறது என்பதுதான் இந்த விமானத்தின் உயிர். ஒட்டிக் கட்டுவது சின்ன வேலை, செட் செய்வதுதான் பெரிய வேலை. செட் செய்து தருகிறேன் என்று ஒருவர் காசு வாங்கினால், அவர் நமக்கு விற்பது அந்தப் புள்ளியைத்தான்.

என் தங்கை மகன் இங்கேதான் பொறியியல் படிக்கிறான். செட்டிநாட்டில் இருக்கிற உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து விமானப் பைத்தியம் பிடித்தவன். அவன் கேட்டான், நான் வாங்கிக் கொடுத்தேன். பணம் அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் போனில் விவரமாகக் கேட்டேன். அவர் சொன்னது இது: "சார், நாங்க பறக்கவிட்டுப் பாத்துதான் அனுப்புறோம். இறக்கைக்கு அடியில கோடு போட்டிருக்கு. அங்க விரல் வச்சுத் தூக்கினா பேலன்ஸா நிக்கும். எதையும் நகத்தாதீங்க, நகத்தினா வாரண்டி போயிடும்."

பெட்டி வந்தது. விரலை வைத்துத் தூக்கினால் அவர் சொன்ன கோட்டில் அப்படியே நின்றது. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் இரண்டு எலிவானும் ஏறின, வலது பக்கம் தள்ளினால் வலது எலிவான் ஏறி இடது இறங்கியது. அதெல்லாம் சரி. வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்கு, காற்று கிளம்பாத காலை நேரத்தில் போனோம். மருமகன் எறிந்தான், நான் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்திருந்தேன். கையை விட்டதுமே மூக்கு வானத்தைப் பார்த்து ஏறியது. துளி இறக்கினால் தரையைப் பார்த்துக் குத்துகிறது. துளி ஏற்றினால் மறுபடி செங்குத்தாக நிற்கிறது. அப்படியே மல்லாந்து திரும்பி, பின்னால் நின்ற பையன்களின் தலைக்கு மேலாகப் பாய்ந்து சரளையில் மோதியது. "மாமா, குனிங்க!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. 2200 கே.வி. மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று. பேட்டரி 11.1 வோல்ட். சுமையில்லாமல் சுற்றினால் நிமிடத்துக்கு 24,000 சுற்று. அந்த ப்ரொப்பெல்லர் ஒரு பையன் முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குக் கோபம் 13,500 ரூபாய்க்காக மட்டும் இல்லை.

விழுந்த இடத்தில் முதலில் கண்ணில் பட்டது வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருண்டைகள், செம்மண் சரளை மேல் உப்பைக் கொட்டியது போல. இ.பி.பி. ஃபோம் என்று சொல்லி விற்றது தெர்மாகோல். மேலே கலர் டேப் சுற்றியிருந்ததால் வெளியே தெரியவில்லை. இ.பி.பி. விழுந்தால் துள்ளும், உருண்டையாக உதிராது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் எலிவானை அசைக்கிற சர்வோ இரண்டும் சரியானவை, மோட்டாரும் சரி. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற இ.எஸ்.சி.யில் "30 ஆம்பியர்" என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 20 ஆம்பியர். முழு த்ராட்டிலில், அதாவது முழு வேகத்தில், இந்த மோட்டார் 20 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். இ.எஸ்.சி. சூடேறிச் செத்தால் மோட்டார் மட்டும் நிற்காது. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. எலிவானும் சேர்ந்து செத்துவிடும்.

அடுத்தது பேட்டரி. மேலே அச்சிட்டிருப்பது 3எஸ் லைப்போ (மூன்று செல் லித்தியம் பாலிமர்), கொள்ளளவு 2200 எம்.ஏ.எச். தெருமுனைப் பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 118 கிராம். 2200 எம்.ஏ.எச். 3எஸ் பேட்டரி பொதுவாக 170 முதல் 190 கிராம் வரை இருக்கும். அடிபட்டதோ உப்பியதோ இல்லை என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வெளியே மண் தொட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போட்டேன். மூன்று செல்லும் 4.2 வோல்ட் வரை ஏறின. பிறகு சார்ஜரிலேயே டிஸ்சார்ஜ் போட்டு, ஒரு ஆம்பியரில், செல்லுக்கு 3.3 வோல்ட் வரை இறக்கிப் பார்த்தேன். சார்ஜர் காட்டியது 1,240 எம்.ஏ.எச். அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. பேட்டரியைப் பற்றிக் கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிற ஊர்ப் பையன்களிடம் பாதிப் பேட்டரியை முழு விலைக்குத் தள்ளியிருக்கிறார்.

பேட்டரி ஒரு பக்கம் மோசடி, கோடு இன்னொரு பக்கம் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அளந்து பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே மோசடி என்று புரிந்தது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இறக்கையின் நடுவில், முன்னிருந்து பின் 30 செ.மீ. முனையில் 15 செ.மீ. முனையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 22.5 செ.மீ. பின்தள்ளி இருக்கிறது. இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால் சராசரி நாண் (இறக்கையின் முன்-பின் அகலத்தின் சராசரி) 23.3 செ.மீ., அது தொடங்கும் இடம் மூக்கிலிருந்து 10 செ.மீ. அந்த நாணில் 25 சதவீதத்தை ஒட்டித்தான் விமானத்தின் நடுநிலைப் புள்ளி வரும். மூக்கிலிருந்து சுமார் 15.8 செ.மீ. எடை நிற்கும் புள்ளி இதற்கு முன்னால் இருந்தால்தான் விமானம் தானாக நிமிரும். 15 முதல் 20 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். அப்படியென்றால் 13.5-க்கும் 14.7-க்கும் நடுவில் கோடு இருக்க வேண்டும். அவர் போட்டிருந்த கோடு 15.5 செ.மீ.யில்! நடுநிலைப் புள்ளியை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு.

ஏன் அங்கே போட்டார்? பேட்டரி மூக்கில் இருக்கிறது. சரியான எடையில் பேட்டரி போட்டால் இதே விமானம் 14.3 பக்கம் சமமாக நிற்கும். கிட்டத்தட்ட 65 கிராம் குறைந்த பேட்டரியைப் போட்டதும் மூக்கு இலேசாகி, எடைப் புள்ளி ஒரு செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விட்டது. மூக்கில் ஈயம் வைத்துச் சரிசெய்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல், விமானம் எங்கே நின்றதோ அங்கே ஒரு கோட்டைப் போட்டு, "நகத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எலிவான்கள் இரண்டும் இறக்கையோடு நேராக இருந்ததற்கும் இதுதான் காரணம். ஒழுங்காக எடை வைத்த விங்கில் இரண்டும் 2, 3 மில்லிமீட்டராவது மேலே தூக்கியிருக்கும். பறக்கவிட்டுப் பார்த்து அனுப்பினேன் என்றது பச்சைப் பொய். அந்தக் கோட்டில் அது யாரிடமும் ஒழுங்காகப் பறந்திருக்காது.

தராசுப் படம், ஸ்டிக்கர் படம், டிஸ்சார்ஜ் எண் எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பைலட் எரர் சார், முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பதில். பேட்டரி எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும், பாதி விலையில் இன்னொரு இறக்கை தருகிறேன் என்றார். வேண்டாம் என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் கேட்டபோது "அப்புறம் அனுப்புறேன்" என்று சொன்னதோடு சரி, கடைசிவரை வரவில்லை.

பில் இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் ஆதாரம்தான். 1915-க்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள். அதில் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நமக்கு சிவகங்கை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. நான் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், யாரிடம் வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் பேட்டரியைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். எடை சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். டேப்பின் ஓரத்தைத் தூக்கி ஃபோமை நகத்தால் அமுக்குங்கள். குழிந்து எழும்பினால் இ.பி.பி., நொறுங்கினால் தெர்மாகோல். யார் போட்ட கோடாக இருந்தாலும் மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒரு தடவை போடுங்கள். நாலு அளவு போதும். சி.ஜி. என்பது எடைப் புள்ளிதான். சி.ஜி. கால்குலேட்டர் என்று தேடினால் எண்ணை மட்டும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே செட்டை ஏற்கெனவே வாங்கி, இன்னும் பறக்கவிடாமல் வைத்திருந்தால் தயவுசெய்து அப்படியே எறியாதீர்கள். முதலில் பேட்டரியின் எடையைப் பாருங்கள். சரியான எடையில் வேறு பேட்டரி போடுங்கள், இல்லாவிட்டால் மூக்கில் ஈயம் வையுங்கள். முதல் பறப்புக்கு 14 செ.மீ.யில் நிற்கட்டும். இரண்டு எலிவானையும் 3 மில்லிமீட்டர் மேலே தூக்கி வையுங்கள். அந்த இ.எஸ்.சி.யைக் கழற்றிவிட்டு உண்மையான 30 ஆம்பியர் போடுங்கள். எறிகிறவர் கையை விட்ட பிறகே த்ராட்டிலைக் கொடுங்கள், ப்ரொப்பெல்லர் அவர் கைக்குப் பின்னால்தான் சுற்றும். பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

மாற்றுவதற்கு முன், அடியில் இருக்கிற கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படமும், தராசில் பேட்டரி இருக்கிற மாதிரி ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒருவர் சொன்னால் பைலட் எரர் என்று தள்ளிவிடுகிறார். பத்துப் பேருடைய பெட்டியில் அதே 15.5 செ.மீ. கோடும் அதே 118 கிராம் பேட்டரியும் இருந்தால் அப்படித் தள்ள முடியாது. எல்லாப் படங்களையும் புகாரோடு சேர்க்கிறேன்.