விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால்: வேலூரில் எங்கே, எப்படி

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்களுக்கு வேலூரில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ஊர் நடுவிலேயே இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிக்கல் ஆரம்பிப்பது மெடிக்கல் ஷாப்பில். "மூணு நாளா காய்ச்சல், இருமல்" என்றால் போதும், சீட்டு கேட்காமலே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மூன்று மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டும் கடைகள் இன்னமும் உண்டு. ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. பின்னால் பாக்டீரியா வந்து சேர்ந்தால், கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அந்தக் கிருமி பிடிபடாமல் போகவும் இந்த மாத்திரையே காரணமாகலாம்.

ஃப்ளூ மூச்சுக்குழாயின் உள்சவ்வை அரித்துவிடுகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துபோகின்றன. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நியூமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்கு இறங்குகின்றன. 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பின்னால் வந்த நிமோனியாவில்தான் போனார்கள். அடையாளம் சுலபம்: காய்ச்சல் விட்டு, ஓரிரு நாள் தெம்பாக நடமாடிய ஆள், மறுபடி குளிர் நடுக்கத்தோடு படுப்பார். மஞ்சள் அல்லது துருநிறச் சளி, மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் ஓ.பி. வரிசை வேண்டாம், நேரே எமர்ஜென்சி. சர்க்கரை உள்ள அப்பா அம்மாவுக்கு அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ரத்தக் கல்ச்சர் எழுதினால் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., இரண்டு இடங்களில் தனித்தனியாகக் குத்தி. சின்ன லேபில் 3 மி.லி.யோடு நிறுத்தினால் கேளுங்கள். ரத்தம் குறைந்தால் கிருமி அகப்படாது. எடுத்தவுடன் மருந்து தொடங்கலாம், ரிசல்ட்டுக்குக் காக்க வேண்டாம். கிருமி இருந்தால் பெரும்பாலும் 24–48 மணி நேரத்தில் தெரியும். இல்லை என்று முடிவாகச் சொல்ல 5 நாள். விமானம் அதற்குள் என்றால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியலோடு முழு அறிக்கையைப் பிறகு பெற யாரையாவது சொல்லி வையுங்கள். அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சி.எம்.சி.யில் சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன. சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.

விடாத காய்ச்சலெல்லாம் இப்படி ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் இரண்டாம் தொற்றும் அல்ல. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இந்தப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) சகஜம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். பென்சிலின் வகை அதற்கு எடுபடாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும்.

குழந்தைக்கு அம்மை போட்டிருந்தால் வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். நாலாம் நாளுக்கு மேல் காய்ச்சல் ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகி, தொட்டாலே அலறினாலோ தலைக்குத் தண்ணீர் விடும் நாளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஐபுப்ரோஃபென் சிரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.